துரையை என்ன செய்வது

"வித்துடலாம்" என்றாள் மனைவி.

"எதை?" என்றார் கண்ணாடிக்காரர். வாயில் பிரஷ் இருந்ததால் கேள்வியை விட நுரைதான் அதிகம் வெளியே வந்தது.

"உங்களையா விக்க முடியும்? யாரு வாங்குவா? குதிரையைச் சொல்றேன்."

அவள் கையில், கொடியிலிருந்து எடுத்து வந்த வெள்ளைச் சீருடை இருந்தது. அதன் வலது கை முழங்கையோடு நின்றுபோயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதையும் ஒரே முறைப்பில் அடக்கி வைக்கும் தலைமை நர்ஸ் அவள். டாக்டர்களே அவள் எதிரில் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்பேர்ப்பட்டவளின் சட்டைக் கையைத்தான் குதிரை காலைப் பலகாரமாக முடித்திருந்தது.

"போன வாரம் தலகாணி உறை. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு ரோஜாச் செடி. நாளைக்கு என்ன, நம்ம ரெண்டு பேருமா?"

கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கார் தெருவில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. காருக்காகக் கட்டிய ஷெட்டில், நிழலில், குதிரை நின்றுகொண்டிருந்தது. அதற்குத் துரை என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குத் தின்று, வருகிறவர் போகிறவரை மூக்கு வழியாகப் பார்க்கிற பிராணிக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

துரை அந்த வீட்டுக்கு வந்ததே ஒரு அதிசயம். பேத்தியின் பிறந்தநாள் ஒன்றுக்கு மாமனார் கொடுத்த பரிசு அது. கல்யாணத்துக்குப் போனால் வாழ்த்தை மட்டும் கொண்டு போய், பந்தியில் முதல் ஆளாக உட்காருகிறவர் மாமனார். அந்த மனிதர் ஒரு நாள் வாசலில் உயிருள்ள குதிரையோடு வந்து நின்றபோது, கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். குதிரை அங்கேயேதான் இருந்தது.

அதற்கப்புறம் மாமனாரின் கை இன்னும் இறுகிவிட்டது. பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். ஸ்கூட்டரை விற்றுவிட்டு நடந்தார். செருப்புக்கு மூன்றாவது தடவை அடி வைத்துத் தைத்தார். பெரிய மனசு பண்ணிவிட்டதை நினைத்து நினைத்து வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் தனக்குள் சிரித்துக்கொள்வார். வெளியே சிரிக்க முடியாது. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தக் குதிரைதான் வந்து நிற்கும்.

"எங்கப்பா குதிரை கொடுத்தாரு. உங்கப்பா என்ன கொடுத்தாரு?"

அவருடைய அப்பா கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அது எந்த நாளும் ஓடியதில்லை. குதிரையும் ஓடியதில்லை என்பதைச் சொன்னால் அன்று ராத்திரி சாப்பாடு கிடைக்காது.

இப்போது மகள் வேறு ஊரில் படிக்கப் போய்விட்டாள். போனில் கேட்டதற்கு, "எனக்கு ஸ்கூட்டர் போதும்மா, குதிரையை நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு யாரும் துரையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிகிற சமயத்தில், மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவர் மட்டும் குடையோடு வருவார். துரையின் வாயைத் திறந்து பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு காபி குடிப்பார், "நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். குதிரை என்றால் அவருக்கு உயிர் என்று மாமனார் சொல்லியிருந்தார். பாவம், தனி ஆள் போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் அவருக்குப் பாதி விலைக்கு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி செய்து கொடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் குடைக்காரருக்கு ஒரு முழம் தள்ளி நிற்பது ஆளா, தூணா என்று தெரியாது.

"சரி, வித்துட்டா அந்தப் பணத்துல என்ன பண்றது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். கேட்டிருக்கக் கூடாது.

"மாடியில ஒரு ரூம் போடலாம். அப்பா எவ்வளவு நாள்தான் அங்க தனியா கிடப்பாரு? வந்து நம்மளோடயே இருக்கட்டும்."

பிரஷ் வாயிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

மாமனார் கடைசியாக வந்து தங்கியபோது நடந்ததெல்லாம் கண் முன்னே வந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் மின்விசிறியை நிறுத்தினார். பற்பசையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, உள்ளே இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது என்று காட்டினார். கண்ணாடிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவரையே "உட்காருங்க மாப்பிள்ளை" என்று உபசரித்தார். போதாக்குறைக்குக் கடைக்கு வந்து, புதுக் கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாவிடம், "பழசையே நல்லாத் துடைச்சுப் போட்டுப் பாருங்க" என்று யோசனை சொல்லி அனுப்பி வைத்தார். அந்த அம்மா அதற்கப்புறம் கடைப் பக்கமே வரவில்லை. அவர் மாடியில் நிரந்தரமாகக் குடியேறினால், கண்ணாடிக்காரர் கடையிலேயே பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

"விக்க வேணாம்" என்றார் அவசரமாக. "குத்தகைக்கு விடலாம். குதிரை நம்மளோடது, தீனிச் செலவு அவங்களோடது. பாதகமில்லையே."

"குத்தகைன்னா கொஞ்சம் கொஞ்சமா வரும். கொஞ்சம் கொஞ்சமா வந்தா எப்படி ரூம் கட்டறது?"

அதற்காகத்தான் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை.

அன்று முழுக்கக் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. எதிரே உட்கார்ந்தவரின் மூக்கில் பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அந்தக் கேள்வி எவ்வளவு லேசாக வாயில் வரும். இன்றைக்குத் தன்னையே கேட்டுக்கொள்வது போல இருந்தது. மத்தியானத்துக்குள் ஒருவருக்கு வலது கண்ணுக்கு வேண்டியதை இடது கண்ணில் போட்டு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது. குதிரையைக் கொடுத்தவரே மாமனார். ஆசையாகக் கொடுத்ததை விற்கிறார்கள் என்றால் அவருக்கு வலிக்காதா? அவரே வேண்டாம் என்று சொன்னால் மகள் தட்டுவாளா? முள்ளை முள்ளாலேயே எடுத்துவிடலாம் என்று போனை எடுத்தார்.

"மாமா, உங்க பொண்ணு துரையை விக்கப் போறாளாம்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

"விக்கக் கூடாது மாப்பிள்ளை."

"அதையேதான் மாமா நானும் சொல்றேன். பேசாம குத்தகைக்கு..."

"குத்தகையா?" மாமனாரின் குரல் கீச்சென்று ஏறியது. "அந்த வார்த்தையை யாரு உங்ககிட்ட சொன்னா? வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலை மாமா. எனக்கே தோணுச்சு."

"தோணவே கூடாது. விக்கவும் கூடாது, விடவும் கூடாது. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. நான் வரேன்."

மறுநாள் மத்தியானம் மாமனார் வந்து இறங்கினார். ஒரு பெரிய பெட்டி, ஒரு தலையணை, தனக்கென்று ஒரு டம்ளர். டம்ளரைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. இது ஒரு நாளில் திரும்புகிற ஆளின் சாமான் இல்லை.

"இந்தக் குதிரை விவகாரம் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நான் எங்கயும் அசையறதா இல்லை" என்றார் மாமனார், மின்விசிறியை நிறுத்திக்கொண்டே.

மாடி கட்டாமலேயே வந்துவிட்டார். கூப்பிட்டது வேறு யாருமில்லை, தானேதான். கண்ணாடிக்காரர் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, தன்னைத் தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். வெளியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "தண்ணி வீணாகுது மாப்பிள்ளை."

மாமனார் ஷெட்டின் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். காலையில் உட்கார்ந்தால் இருட்டினால்தான் எழுந்திருப்பார். வாசல் கதவு கிறீச்சென்றால் போதும், பாதி எழுந்து எட்டிப் பார்ப்பார். வந்தது தபால்காரர் என்று தெரிந்தால் பெருமூச்சு விட்டு உட்காருவார். யாராவது குதிரையைப் பற்றி விசாரித்தால் அவர்களைத் தனியாக அழைத்துப் போய், "கடிக்கும்" என்பார்.

அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. புல்லுக்கட்டுக் கொண்டு வருகிறவர் கதவுக்கு வெளியே நின்றபடி, "சார், எனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கு" என்று சொல்லிக் கட்டைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. கண்ணாடிக்காரரே மார்க்கெட்டுக்குப் போய்ப் புல்லைக் காருக்குள் திணித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. சட்டையில், சட்டைப்பையில், கடையில் சில்லுகள் வைத்திருக்கும் பெட்டியில் எல்லாம் புல். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டதற்கு, "முதல்ல கண்ணைத் திறக்க முடியட்டும் சார்" என்றார்.

இனிப் பொறுக்க முடியாது. விவகாரம் முடிந்தால்தான் மாமனார் கிளம்புவார். அப்படியென்றால் சட்டுப்புட்டென்று குத்தகைக்கு விட்டு முடித்துவிட வேண்டும், மனைவிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

வாய்ப்பும் தானாக வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர் அவர். பலகையின் மேல் வரியில் இருந்த பெரிய எழுத்தையே யோசித்துத்தான் சொன்னார்.

"இந்தக் கண்ணோடயா மாஸ்டர் வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறீங்க?"

"நான் எங்க சார் ஓட்டறேன்? அவங்கதான ஓட்டறாங்க." மாஸ்டர் சலித்துக்கொண்டார். "தொழில் முன்ன மாதிரி இல்லை. தெருவுக்குத் தெரு டிரைவிங் ஸ்கூல் வந்துடுச்சு. புதுசா ஏதாச்சும் ஆரம்பிக்கணும்."

"குதிரை சவாரி கத்துக் கொடுக்கலாமே" என்றார் கண்ணாடிக்காரர், சில்லைத் துடைத்துக்கொண்டே, ஏதோ அந்த நிமிஷம் தோன்றியது போல.

அன்று சாயங்காலமே மாஸ்டர் வந்து துரையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பின்பக்கம் குனிந்து எதையோ தேடினார். நம்பர் பிளேட்டைத் தேடுகிறாரோ என்று கண்ணாடிக்காரருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் மாமனார் அவரைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இது முன்னாடி போகாதுங்க. பின்னாடி மட்டும்தான் போகும்."

"பரவாயில்லைங்க. என்கிட்ட வர்றவங்களுக்கு ரிவர்ஸ்தான் வரவே மாட்டேங்குது."

"நினைச்ச இடத்துல நிக்காது."

"எங்க வண்டியும் அப்படித்தான்."

"கடிக்கும்."

"என்னைத்தானே? கத்துக்க வர்றவங்கதான் மேல உக்காந்திருப்பாங்களே."

மாமனாருக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் முன்பணத்தைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்து, "அவகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம் மாமா" என்றார். மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், தன்னுடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். சிக்கனத்தை மறந்து இரண்டாவது டம்ளரும் குடித்தார். சம்பந்தமில்லாமல், "அந்தக் குடைக்காரர் இந்த வருஷம் வந்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலை மாமா. வர்ற நேரம்தான்."

மாமனார் மூன்றாவது டம்ளரை நிரப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரர் துரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். போகிற இடத்தில் கௌரவமாகப் போகட்டும் என்றுதான் ஆரம்பித்தார். கழுத்திலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து வயிற்றுக்கு, தேங்காய் நார் போல முரடாக இருந்த பிடரியைச் சீப்பால் வாரிச் சிக்கெடுத்து முடித்த பிறகும் சீப்பைக் கீழே வைக்காமல் நின்றார். இத்தனை வருஷமாகத் தினமும் விடிந்ததும் அவர் வந்து நிற்கிற இடம் இதுதான். மனைவியிடம் சொல்ல முடியாதது, மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டியது, கடையில் பட்ட அவமானம் எல்லாவற்றையும் அவர் கொட்டியது இந்தக் காதில்தான். துரை ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. ஆலோசனை சொன்னதில்லை. நடுவில் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தியதும் இல்லை.

துரையை விட்டுப் பிரிய அவருக்கு மனசே இல்லை. அது குத்தகைக்குத்தான், விலைக்கு இல்லை என்று எவ்வளவு சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மனம் ஆறவில்லை.

"உன்னைப் போகச் சொல்லலைடா. அவரைப் போகச் சொல்றதுக்கு வேற வழி தெரியலை" என்றார் அதன் காதில்.

துரை அவருடைய சட்டைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை இழுத்து நிதானமாக மென்றது. அன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவிங் மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு கயிறு, 'பழகுநர்' என்று சிவப்பில் எழுதிய ஒரு பலகை. பலகையைக் குதிரையின் முன்பக்கம் மாட்டுவதா, பின்பக்கமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. அதிலிருந்து முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்ட ஒருவர் இறங்கினார்.

"வாங்க டாக்டர்" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள் மனைவி.

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் டிரைவிங் மாஸ்டரைப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"இவரா? இவரு... கண்ணாடி வாங்க வந்தவரு. அவரு யாரு?"

"எங்க ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர். துரையை வாங்கிட்டாரு. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லலை."

"வாங்கிட்டாரா?" என்றார் மாஸ்டர். "என்னம்மா இது, நான் குத்தகைக்கு எடுத்த குதிரை. சாரு முன்பணம் வாங்கிட்டாரே."

அதற்கப்புறம் அந்த முற்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாஸ்டர் துரையின் கழுத்தில் கயிற்றைப் போட்டு ஒரு பக்கம் இழுத்தார். டாக்டர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். துரை நடுவில் நின்று மாஸ்டரின் பலகையைத் தின்னத் தொடங்கியது.

"என் முதுகுக்குப் பின்னாடி இப்படியா பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"நீ மட்டும் என் முன்னாடியா பண்ணின?"

"அப்பாவுக்குத் தெரியுமே. டாக்டர் வந்து பார்த்தப்போ அப்பாதான் பக்கத்துல இருந்தாரு. கீழ தள்ளிவிடும்னு வேற சொன்னாரு. டாக்டர் சிரிச்சுட்டாரு."

"தள்ளிவிட்டா நான்தான் பார்த்துக்கப் போறேன்" என்றார் டாக்டர் அடக்கமாக.

"நான் குத்தகைக்கு விட்டதும் மாமாவுக்குத் தெரியுமே" என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வியாபாரமும் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்த மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. விக்கறதா, விடறதா?"

மாமனார் ஒரு தரம் வாசலைப் பார்த்தார். ஒரு தரம் துரையைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ரெண்டும் வேணாம்மா. எனக்கு மாடியும் வேணாம், ரூமும் வேணாம். நான் இருக்கிற இடத்துலயே இருந்துக்கறேன். குதிரை மட்டும் இங்கயே இருக்கட்டும். வாங்கின பணத்தை ரெண்டு பேருக்கும் திருப்பிக் கொடுத்துடுங்க. உன் காலைக் கூடப் பிடிக்கறேன்."

பலகையைத் துரை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு வார்டையே அழாமல் நிறுத்துகிற மனைவி அழ ஆரம்பித்தாள். "பார்த்தீங்களா" என்றாள் டாக்டரிடமும் மாஸ்டரிடமும் சேர்த்து. "இதுதான் எங்கப்பா. சொந்தக் காசுல, பேத்திக்குன்னு ஆசை ஆசையா வாங்கிக் கொடுத்தாரு. அதை வித்துத் தனக்கு ரூம் கட்டறது அவருக்கே பொறுக்கலை. ஒரு துணியைத் தின்னுடுச்சுன்னு நான் இதைப் போய் விக்கப் பார்த்தேனே."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கண்ணாடிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். குதிரை நிற்கிறது. மாடி இல்லை. மாமனார் கிளம்புகிறார். மூன்று வரமும் ஒரே வாயிலிருந்து வந்துவிட்டது, அதுவும் எந்த வாய்? இத்தனை வருஷம் இந்த மனிதரையா கஞ்சன் என்று நினைத்தோம் என்று அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, என்னை மன்னிச்சுடுங்க" என்றார். எதற்கு என்று மாமனார் கேட்கவில்லை.

வாங்கிய பணம் திரும்பியது. டாக்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மாஸ்டர் கயிற்றைச் சுருட்டும்போது கழுத்தைத் திருப்பிய விதத்தைக் கவனித்துவிட்டு, "எவ்வளவு நாளா இந்த வலி?" என்று விசாரித்தபடி அவரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு வந்த காரியம் ஒரு வகையில் முடிந்தது.

மாமனார் பெட்டி கட்டிய வேகத்தை அந்த வீடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மகள் கெஞ்சியும் கேட்கவில்லை. சாப்பாட்டை வேண்டாம் என்று மாமனார் சொன்னது இதுவே முதல் தடவை என்பதையும் கண்ணாடிக்காரர் பெருந்தன்மையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊர்வலம் போல மாமனாருக்குப் பின்னால் நடந்தார். மனைவி துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்தாள். துரை அவள் முந்தானையை மோந்து பார்த்தது, பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டது.

வாசல் கதவு கிறீச்சென்றது.

குடைக்காரர் உள்ளே வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் சோடாபுட்டிக் கண்ணாடி முழுக்க வியர்வை படிந்திருந்தது. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, தனக்கு எதிரே மிக அருகில் கையில் டம்ளரோடு நின்ற உருவத்தின் பக்கம் குனிந்தார். மாமனார் கையை ஆட்டினார். கண்ணை உருட்டினார். உதட்டில் விரலை வைத்தார். கண்ணாடி இல்லாத குடைக்காரருக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது, பின்னால் நிற்கும் மகளும் மருமகனும் ஷெட்டுத் தூண்களாகத்தான் தெரிந்திருப்பார்கள் என்பதை, அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்த கண்ணாடிக்காரர் அறிவார்.

தெருமுனை வரைக்கும் கேட்கிற ரகசியக் குரலில் குடைக்காரர் சொன்னார்: "நல்ல வேளை அய்யா, நீங்களே இருக்கீங்க, நீங்க கேட்டுக்கிட்டபடி இத்தனை வருஷமா உங்க பொண்ணு காதுல போடாமத்தான் வச்சிருக்கேன், ஆனா இந்த வருஷக் கெடுவும் நேத்தோட முடிஞ்சு போச்சு, குதிரையை வழக்கம்போல குத்தகைக்கே வச்சுக்கறீங்களா, இல்ல இந்தத் தடவையாவது விலைக்கு வாங்கிக்கறீங்களா?"